பாக்டீரியா கலந்தும் தீவனப் பயிரின் வேரில் முடிச்சு வரவில்லையா?

"ரைசோபியம் கலந்துதான் விதைத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே" என்று பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரைசோபியம் என்பது பயறு வகைப் பயிரின் வேரில் முடிச்சை உண்டாக்கி, அதில் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. பாக்கெட்டைக் குறை சொல்லும் முன் விதைத்த அன்று மண்ணில் ஈரம் எவ்வளவு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு ஆடியில், லேசான தூறலை நம்பித் தீவனக் காராமணி விதைத்தேன். அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் மழையே இல்லை. தப்பி முளைத்த செடிகளைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் மொட்டையாக இருந்தது. விதைமேல் ஒட்டியிருப்பது உயிருள்ள பாக்டீரியா. இளவேரின் தூவிகள் வழியாக அது உள்ளே நுழைந்தால்தான் முடிச்சு உருவாகும். நம் செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். வேர் வருவதற்குள் சூட்டில் பாக்டீரியா செத்துப்போகும். நான்கு விரல் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் விதைக்கலாம். அதற்காகத் தண்ணீரைக் கட்டி நிறுத்தவும் கூடாது. முடிச்சுக்குக் காற்றும் வேண்டும்.

விதை நேர்த்தியிலும் அவசரம் கெடுக்கிறது. ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று போதும். பாக்டீரியா விதையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான கஞ்சியில் கலந்தால் பாக்டீரியா அங்கேயே முடிந்தது. நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பூஞ்சாண மருந்து போடுவதாக இருந்தால் அதை முதலில் போட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். வேலிமசால் என்ற தீவனப் பயிரின் விதைத் தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் நனைப்போம். அதையும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

ஓசூர், தளிப் பக்கம் குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போடுகிறவர்கள் காராமணிக்கு வாங்கிய பாக்கெட்டையே அதற்கும் கலப்பது வீண். குதிரைமசாலுக்கு ஏற்ற ரைசோபிய இனம் வேறு. பாப்பாரப்பட்டியிலோ எலுமிச்சங்கிரியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில், பயிரின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வளர்க்காது. சூப்பர் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டாம். முடிச்சு வேலை செய்ய அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவசியம்.

விதைத்த ஒரு மாதத்தில் ஈரமான மண்ணோடு ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். கையால் இழுத்தால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே மாதுளை முத்துபோல் சிவந்திருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

வேலிமசாலை அறுத்ததும் முடிச்சுகளில் ஒரு பகுதி அழிந்து, தழை துளிர்க்கும்போது புதிதாக வரும். அறுத்த கையோடு ஒரு தண்ணீர் விடுங்கள்.