பாறைக் கடற்கரையில் ஒரு பிற்பகல்: பறவை நோக்கச் செல்வோருக்கு

பாறைக் கடற்கரைக்குப் பறவை பார்க்கச் செல்பவர் கடிகாரத்தைவிட, கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையையே முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்வதால், ஏற்ற நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். சென்ற வாரம் பறவைகள் நிறைந்திருந்த அதே மூன்று மணிக்கு இந்த வாரம் வெறும் அலைதான் இருக்கக்கூடும். நீர் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்று அமர்வது நல்லது. வற்றத்தின்போது பாறைத்தளம் எங்கும் சிதறி மேய்ந்த பறவைகளை ஏறும் நீர் சிறிது சிறிதாகக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வரும்; நாம் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அமரும் இடம் நீரேறும் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் கோட்டை அலை ஒதுக்கிய பாசியும் சருகும் காட்டிக்கொடுக்கும். திரும்பும் வழி நீரில் மூழ்காது என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். பச்சைப் பாசி படர்ந்த பாறையில் கால் வைக்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். மேற்கு நோக்கிய கரையில் பிற்பகல் வெயில் நீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்வதோடு, பறவைகளையும் வெறும் கரிய உருவங்களாக்கிவிடும். சூரியன் முதுகுப்பக்கம் வரும்படியான வளைவு எதுவும் அங்கே இல்லையென்றால் காலையில் செல்வதே மேல்.

பைனாகுலர் 8 மடங்கு பெரிதாக்குவதாகவும் 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்டதாகவும் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால், காற்றில் நம் கைநடுக்கமும் சேர்ந்தல்லவா பெரிதாகிறது! வில்லையில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நன்னீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

முதலில் பாறையில் எதுவுமே இல்லை என்றுதான் தோன்றும். ஒரே பாறையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் ஒரு பகுதி நகரும்: கல்திருப்பி உள்ளான். முதுகின் நிறம் பாறையோடு கலந்துவிட, செம்மஞ்சள் கால்களே அதைக் காட்டிக்கொடுக்கும். சற்றே மேல்நோக்கிய குட்டை அலகைக் கல்லின் அடியில் நுழைத்து ஒரே நெம்பில் புரட்டி, ஒளிந்திருக்கும் சிறு உயிர்களைக் கொத்தும். கடற்பாசியையோ பாய் சுருட்டுவதுபோல் தள்ளிக்கொண்டே போகும். சிறகு விரித்து நிற்கும் நீர்க்காகத்தை அடையாளம் காண எவருக்கும் சிரமமில்லை. ஆலா, கடற்காகம் என்னும் இரு கடற்பறவைகளையும் பறக்கும்போது பிரித்தறியலாம்; அலகைக் கீழ்நோக்கி வைத்துப் பறந்து, திடீரெனத் தலைகீழாய் நீரில் பாய்வது பெரும்பாலும் ஆலாவே. இளம் கடற்காகங்களின் இனத்தைத் துல்லியமாகச் சொல்ல முயன்று பிற்பகலை வீணாக்க வேண்டாம். பெரிய இனங்களுக்கு முதிர்ந்த இறகுக்கோலம் வரவே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும்.

மேய்ச்சலை நிறுத்திப் பறவைகள் கழுத்தை நீட்டினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்க வேண்டும். நீர் உச்சத்தை எட்டியதும் அவை உயரமான பாறையில் காற்றை எதிர்கொண்டு கூடி, அலகை முதுகிறகில் செருகிக்கொள்ளும். எண்ணுவதற்கு ஏற்ற நேரம் அதுதான்: முதலில் பத்தைச் சரியாக எண்ணி, அந்த அளவையே கூட்டம் முழுவதும் பொருத்திப் பார்த்து, நேரத்தையும் நீரின் நிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.