எம்.பி.ஏ.வில் தொழில்முனைவையும் சப்ளை செயினையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவர்) இருந்தேன், இப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். "அக்கா, தொழில்முனைவு எடுக்கவா, சப்ளை செயின் (மூலப்பொருளிலிருந்து வாங்குபவர் வரை சரக்கு போகும் வழி) எடுக்கவா?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் இரண்டையும் எடுக்கத்தான் சொல்கிறேன். அதற்காக இரண்டு பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை.

ஒரே எம்.பி.ஏ.வில் இரண்டு சிறப்புப் பாடங்கள் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பல கல்லூரிகளில் முடியும். சப்ளை செயின் என்ற பெயர் இல்லாமல் 'ஆபரேஷன்ஸ்' என்றுகூட இருக்கும். பாடத்திட்டத்தில் கொள்முதல், இருப்பு, லாஜிஸ்டிக்ஸ் இருந்தால் போதும்.

இரண்டு பட்டம்தான் வேண்டுமா? ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடியாகவும் மற்றது ஆன்லைனிலோ தொலைநிலையிலோ இருக்கலாம். அந்தப் படிப்புக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் அசல் டி.சி.யைக் கேட்பார்களா என்பதையும் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.

அப்புறம் புராஜெக்ட். இதில்தான் இரண்டு படிப்பும் ஒன்றாகும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டி-ஷர்ட் என்று வையுங்கள். நூல், நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், பிறகு தூத்துக்குடி துறைமுகம். சரக்கு எந்த இடத்தில் எத்தனை நாள் நிற்கிறது, அங்கே யாருக்கு எப்போது பணம் போகிறது என்று நேரில் போய்க் குறித்து வாருங்கள்.

சரக்கு நிற்கும் நாட்களோடு பையரிடமிருந்து (சரக்கை வாங்குபவர்) பணம் வர ஆகும் நாட்களைக் கூட்டி, உங்களுக்குச் சரக்கு கொடுத்தவர்களிடம் நீங்கள் கடன் வைக்கும் நாட்களைக் கழியுங்கள். 40, 60, 30 என்றால் மிச்சம் 70 நாள். நாளொன்றுக்கு 20,000 ரூபாய் செலவு என்றால் 14 லட்சம் ரூபாய் முடங்கிக் கிடக்கும். சரக்கை பத்து நாள் முன்னதாக நகர்த்தினால் இரண்டு லட்சம் கைக்கு வருகிறது. வங்கிக் கடன் கேட்கும்போது இந்தக் கணக்குதான் பேசும்.

எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டத்தையும் (2006) இதோடு சேர்த்துப் படியுங்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். வெளிநாட்டு பையரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவர் 90 நாளில் கொடுத்தாலும் ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்து கொடுத்த சிறு யூனிட்டுக்கு நீங்கள் 45-க்குள் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை புராஜெக்டிலேயே எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு மார்க்கெட்டிங் கேட்காதீர்கள். பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் கேளுங்கள். அதுவும் ஆர்டர் நெருக்கும் மாதங்களில்.