மேப் ஓட்டு சரியில்லை என்று பிளேயர்கள் சொன்னால்: எல்லையோர சர்வர் அட்மின்களுக்கு

பாலக்காடு எல்லையில் ஓடும் மைன்கிராஃப்ட் (பிளாக் அடுக்கி வீடு கட்டி ஆடும் விளையாட்டு) சர்வர்களில் ஆட்கள் கலந்துதான் இருப்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் நாலு பேர், பொள்ளாச்சியில் பத்துப் பேர், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரு கூட்டம், துபாய்க்கு வேலைக்குப் போன அண்ணன் ஒருவர். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். இப்படி ஒரு இடத்தில் "அப்டேட்டுக்குப் புது மேப் போடலாமா?" என்று ஓட்டு வைத்தால், முடிவு வந்த கொஞ்ச நேரத்திலேயே "ஓட்டு சரியில்லை" என்று ஒரு குரல் வரும். பல சமயம் அந்தக் குரல் சொல்வது உண்மையாகவும் இருக்கும். மேப் என்பது எல்லோரும் கட்டி ஆடும் உலகம். அது மாறி, ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிய வீடும் பண்ணையும் போகப்போகிறது என்றால் யாருக்கும் பொறுக்காது. அதனால் புகாரைச் சத்தம் என்று தள்ளாமல், கணக்கு கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்துங்கள்

பதில் எழுதுவதற்கு முன்னால் அப்டேட்டை நிறுத்துங்கள். மேப்பை அழித்துவிட்டால் அப்புறம் எந்த விசாரணைக்கும் அர்த்தம் இல்லை. சர்வரை ஸ்டாப் செய்து, மேப் ஃபோல்டர் முழுவதையும் ஜிப் போட்டு, சர்வர் இருக்கும் மெஷினில் இல்லாமல் வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தால் பாதி எழுதிய ஃபைல்கள் வந்து சேரும். பின்னால் திறக்கும்போது அங்கங்கே நிலம் ஓட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து ஓட்டுக் கணக்கு. கூகுள் ஃபார்ம் என்றால் பதில் வாங்குவதை நிறுத்திவிட்டு ஷீட்டை நகலெடுங்கள். மூல ஷீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. டிஸ்கார்ட் போல் (poll, அதாவது ஓட்டெடுப்பு) என்றால் ஒவ்வொரு விருப்பத்தின் கீழும் யார் யார் போட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கும் படம் எதற்கும் உதவாது. வாட்ஸ்அப் போல் என்றாலும் அதே மாதிரிதான்.

பிறகு ஒரே ஒரு அறிவிப்பு. நீளமாக வேண்டாம்:

"மேப் ஓட்டு பற்றிப் புகார் வந்திருக்கு. அப்டேட்டை நிறுத்தி வெச்சிருக்கோம், மேப் பத்திரமா இருக்கு. என்ன தப்புன்னு நினைக்கிறீங்களோ அதை வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்குள்ள எழுதுங்க. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணிக்கு முடிவைச் சொல்றோம்."

தமிழில் போட்டதை மலையாளத்திலும் அதே நேரத்தில் போடுங்கள். ஒரு மொழியில் போட்டு மற்றது இரண்டு மணி நேரம் பிந்தினால், "அவங்களுக்கு மட்டும் முதல்லயே சொல்லிட்டாங்க" என்று இரண்டாவது புகார் பிறக்கும்.

புகார் எந்த வகை என்று பிரியுங்கள்

"ஏமாத்து" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வெவ்வேறு கோளாறு ஒளிந்திருக்கும்: யார் ஓட்டுப் போட்டார்கள், என்ன கேட்டோம், எப்போது மூடினோம், எப்படி எண்ணினோம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. புகார் சொல்பவரிடம் இந்த நாலில் எது என்று நேராகக் கேளுங்கள். நான்கையும் சேர்த்துக் குழப்பிப் பதில் சொன்னால் ஒன்றுக்கும் பதில் சொன்னதாக ஆகாது.

யார் ஓட்டுப் போட்டார்கள்

அதிகம் அடிபடுவது இங்கேதான், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் கள்ள ஓட்டு. இன்னொரு பக்கம் கள்ள ஓட்டு என்று நினைத்து நல்ல ஓட்டை எடுத்தெறிவது. அட்மின்கள் செய்யும் பெரிய தவறு இரண்டாவதுதான்.

"ணா, என் ஓட்டக் காணோம்ணா. ரூம்ல மூணு பேர் போட்டோம், ஒண்ணுதான் எண்ணியிருக்கு." இந்தப் புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் ஐபி வடிகட்டிதான், அதாவது ஒரு இன்டர்நெட் முகவரிக்கு (ஐபி) ஒரு ஓட்டு என்று எண்ணுவது. ஹாஸ்டல் வைஃபையில் ஐம்பது பேர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபி. மொபைல் டேட்டாவிலும் ஒரே பொது ஐபியைக் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருப்பவரும் பொள்ளாச்சியில் இருப்பவரும் ஒரே எண்ணில் தெரியலாம். ஐபி காட்டும் ஊரையும் நம்பாதீர்கள். வேலந்தாவளத்தில் உட்கார்ந்திருப்பவர் சென்னை என்றும் காட்டுவார், கொச்சி என்றும் காட்டுவார். ஐபி ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகிவிடாது.

ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருக்கிறாரா என்று பார்க்க, இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டு அறிவித்த பிறகு உருவான கணக்கா? விளையாடிய நேரம் ஏறக்குறைய பூஜ்யமா? மற்ற கணக்கு வெளியே போன பிறகுதான் இது உள்ளே வருகிறதா, ஒரு தடவைகூட இரண்டும் சேர்ந்து ஆன்லைனில் இருந்ததில்லையா? மூன்றும் பொருந்தினால் சந்தேகப் பட்டியலில் போடுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் விட்டுவிடுங்கள். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் கட்டிக்கொண்டிருந்தது லாகில் தெரிந்தால், அது பெரும்பாலும் இரண்டு ஆட்கள்தான்.

விளையாடிய நேரம் மேப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்டாட்ஸ் ஃபைல்களில் கிடைக்கும், ஆனால் டிக் கணக்கில். ஒரு நொடிக்கு 20 டிக். 10 மணி நேரம் ஆடியவர்தான் ஓட்டுப் போடலாம் என்று வைத்தால் 7,20,000 டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நிமிடக் கணக்கு என்று எண்ணித் தகுதி இல்லாதவர்களை உள்ளே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆஃப்லைன் மோடில் (கணக்கு அசலா என்று சரிபார்க்காமல்) ஓடும் சர்வர் என்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. அங்கே ஆளின் யூயூஐடி (சர்வர் ஆளை அடையாளம் காணும் எண்) அவர் பெயரிலிருந்துதான் உருவாகிறது. பெயரில் ஒரு எழுத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக மாற்றினாலே சர்வருக்கு அவர் புது ஆள். அப்படிப்பட்ட சர்வரில் யூயூஐடியை வைத்து வாக்காளர் பட்டியல் போட்டிருந்தால், அந்தப் பட்டியலே சரியில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. கெய்சர் என்ற இணைப்புக் கருவியைப் போட்டு, போனில் ஓடும் பெட்ராக் பதிப்பு ஆட்களையும் சேர்த்திருந்தால், போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று ஒருவருக்கே இரண்டு பெயர் இருக்கும். பெட்ராக் பெயர்களுக்கு முன்னால் வழக்கமாக ஒரு புள்ளி நிற்கும், அதை வைத்துச் சோதியுங்கள். இதில் எல்லோரும் வேண்டுமென்று செய்பவர்கள் இல்லை. எல்லையில் இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் இருந்துவிடுகிற குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா? கேட்டால் பலர் தாங்களாகவே ஒன்றை எடுத்துவிடுவார்கள்.

"என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க" என்பவருக்கு, பூத்தில் செய்வதையே செய்யுங்கள். டெண்டர் ஓட்டு என்று தனிச் சீட்டு கொடுத்து, தனி உறையில் வைப்பார்கள். சாதாரணமாக அதை எண்ண மாட்டார்கள். நீங்களும் தனி ஷீட்டில் வாங்கி வையுங்கள். கடைசிக் கணக்கில் அது தேவைப்படலாம்.

புகாரை நிரூபிக்கிறேன் என்று யாருடைய ஐபியையும் பொதுவில் போடாதீர்கள். ஆடுபவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள்.

என்ன கேட்டோம்

எல்லையோர சர்வருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சாட்டில் பதில் வாங்கி ஓட்டு எண்ணியிருந்தால் உடனே அதைத் தேடுங்கள். தமிழில் "வேணாம்" என்றால் மறுப்பு. மலையாளத்தில் "வேணம்" என்றால் சம்மதம். இரண்டையும் ஆங்கில எழுத்தில் தட்டினால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வந்துவிடலாம். மறுப்பதற்கு மலையாளத்தில் "வேண்ட" என்பார்கள். அவசரத்தில் படிக்கும் தமிழ் அட்மின் அதை "வேண்டும்" என்று எண்ணிவிடுவார். இப்படி வாங்கிய ஓட்டை எத்தனை தடவை எண்ணினாலும் சரியாகாது. ஆளுக்கு ஆள் கேட்டுத் திருத்தவும் முயலாதீர்கள், முடிவு தெரிந்த பிறகு சொல்லும் பதில் வேறாக இருக்கும். மறு ஓட்டு மட்டுமே வழி.

அடுத்தது, தப்பான தகவலோடு கேட்ட கேள்வி. "1.21 வேணும்னா புது மேப் போட்டே ஆகணும்" என்று சொல்லி ஓட்டு வாங்கியிருந்தால் அது தவறு. 2024 ஜூனில் வந்த 1.21 பதிப்பின் ட்ரையல் சேம்பர்கள் (நிலத்தடி அறைகள்), இதுவரை யாரும் கால் வைக்காத சங்க்குகளில் (மேப்பின் சிறு நிலத் துண்டுகள்) தானாகவே உருவாகும். பழைய மேப்பில் கொஞ்சம் தூரம் போனால் கிடைக்கும். தூரம் அதிகம் என்றால் எம்சிஏ செலக்டர் என்ற கருவியால், ஆட்கள் அதிகம் தங்காத சங்க்குகளை மட்டும் வடிகட்டி அழித்துவிடலாம். வீடுகள் அப்படியே நிற்கும், சுற்றி நிலம் புதிதாக முளைக்கும். இந்த மூன்றாவது வழி ஓட்டுச் சீட்டில் இல்லையென்றால், புகார் சொன்னவர் சொல்வது நியாயம்.

கருவியே தவறு செய்வதும் உண்டு. வாட்ஸ்அப் போலில் பல பதில்களை அனுமதிக்கும் பொத்தான் முன்கூட்டியே ஆன் ஆகி இருக்கும். அணைக்க மறந்தால் ஒருவரே இரண்டுக்கும் போடுவார். டிஸ்கார்ட் போலை ஒருமுறை போட்டபின் திருத்த முடியாது. கேள்வியில் பிழை கண்டால் அதை மூடிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

எப்போது மூடினோம்

சர்வர் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அதில் நள்ளிரவு 12 என்பது நமக்கு விடியற்காலை 5.30. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். "சனிக்கிழமை 12 மணி வரை" என்று எழுதினால் பகலா, இரவா, எந்த இரவு என்று மூன்று அர்த்தம் வரும். "சனிக்கிழமை இரவு 11.30, இந்திய நேரம்" என்று எழுதுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே மூடியிருந்தால், முன்னால் மூடிய அதே அளவு நேரத்துக்கு எல்லோருக்குமே மறுபடி திறக்க வேண்டும். புகார் சொன்னவருக்கு மட்டும் திறப்பது அடுத்த சண்டைக்கு வித்து.

எப்படி எண்ணினோம்

120 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். புது மேப் 48, பழைய மேப் அப்படியே 39, பழைய மேப்பின் ஓரத்தை மட்டும் வெட்டுவது 33. புது மேப் ஜெயித்தது என்று அறிவித்தால், வீடு இருக்க வேண்டும் என்று சொன்ன 72 பேர் தோற்கிறார்கள். இங்கே கள்ள ஓட்டு எதுவும் இல்லை, எண்ணிய முறைதான் பிசகு. இரண்டு கட்டமாகக் கேட்டால் சரியாகும்: முதலில் "பழைய மேப் இருக்கணுமா, போகணுமா", அப்புறம் "எப்படி".

திரும்பப் பெற முடியாத மாற்றத்துக்குப் பாதிக்கு மேல் ஒன்று என்பது போதாது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டு 2013-இல் தொடங்கியபோது புது விஷயம் எதற்கும் 75 சதவீதம் ஆதரவு கேட்டது. 2022-இல் அதை 70 ஆக்கினார்கள். கேள்வியைத் தவிர்த்தவர்களை அந்தச் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. மேப் அழிப்புக்கு 70 வைப்பது எங்கள் பரிந்துரை. ஆனால் ஓட்டு முடிந்த பிறகு இந்த எண்ணைக் கொண்டுவராதீர்கள். முதலிலேயே சொல்லாத விதியை இந்த ஓட்டுக்குப் பொருத்துவது, அது எவ்வளவு நல்ல விதியாக இருந்தாலும், அநியாயம்.

மைன்கிராஃப்டின் சொந்த மாப் ஓட்டிலும் (புதிதாக எந்த விலங்கைச் சேர்ப்பது என்று கேட்ட ஓட்டு) இதெல்லாம் நடந்திருக்கிறது. 2020-இல் ட்விட்டரில் ஓட்டு வைத்தார்கள். பிரபல ஸ்ட்ரீமர்கள் ஆள் திரட்டினார்கள் என்று க்ளோ ஸ்க்விட் ஜெயித்தது பெரிய வாக்குவாதம் ஆனது. 2022-இல் ஓட்டை லாஞ்சருக்கும் விளையாட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 2023-இல் ஓட்டே வேண்டாம் என்று கையெழுத்து இயக்கம் நடந்தது. 2024-இல் அதை நிறுத்தியே விட்டார்கள். கருவியைச் சரிசெய்த பிறகும் கோபம் தீரவில்லை, ஏனென்றால் தோற்ற விலங்குகள் வராமலே போவதுதான் ஆட்களுக்கு வலித்தது. உங்கள் ஓட்டிலும் தோற்ற பக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை முன்கூட்டியே யோசியுங்கள்.

முடிவெடுப்பது

கேள்வியில் கோளாறு என்றால் நேராக மறு ஓட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். ஆட்களிலும் எண்ணிக்கையிலும் கோளாறு என்றால் ஒரு கூட்டல் போதும்: சந்தேக ஓட்டு, தவறாக நீக்கிய ஓட்டு, டெண்டர் ஓட்டு. மூன்றின் கூட்டுத்தொகை ஜெயித்த வித்தியாசத்தைவிடக் குறைவு என்றால் முடிவு நிற்கும். வித்தியாசம் 41, சந்தேகம் 9 என்றால் நிற்கும். வித்தியாசம் 6, சந்தேகம் 9 என்றால் மறு ஓட்டு. சமமாக வந்தாலும் மறு ஓட்டுதான்.

இந்தக் கூட்டலை அட்மின் தனியாகச் செய்யக் கூடாது. ஜெயித்த பக்கத்தில் ஒருவர், தோற்ற பக்கத்தில் ஒருவர், இரண்டு பேரையும் வாய்ஸ் சேனலில் உட்காரவைத்து, ஷீட்டைத் திரையில் காட்டி எண்ணுங்கள். ஐபி இருக்கும் பத்தியை முதலிலேயே மறைத்துவிடுங்கள்.

புகார் சொன்ன ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனிப் பதில் போக வேண்டும். "தம்பி, உங்க ரூம்ல மூணு பேர் ஓட்டும் சரியான ஓட்டுதான். ஐபி ஒண்ணா இருந்ததால ரெண்ட எடுத்துட்டோம், அது எங்க தப்பு. இப்ப சேர்த்தாச்சு. வித்தியாசம் 41-ல இருந்து 39 ஆச்சு, முடிவு மாறல." தப்பு எங்கே, திருத்தியது என்ன, அதனால் எண் எவ்வளவு மாறியது, மூன்றும் இதில் இருக்கிறது. "பார்த்துட்டோம், எல்லாம் சரியா இருக்கு" என்று எழுதினால் அவர் நம்பமாட்டார், நம்ப வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மலையாளத்தில் கேட்ட சேட்டனுக்கு மலையாளத்திலேயே பதில் எழுத ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

மறு ஓட்டு நடத்தினால்

வாக்காளர் பட்டியலை ஓட்டு அறிவிக்கும் தேதிக்கு முந்தைய நாளோடு மூடி, பெயர்களை மட்டும் இரண்டு நாள் பார்வைக்கு வையுங்கள். பெயர் விட்டுப்போனவர்கள் அப்போதே சொல்லட்டும். ஓட்டு 72 மணி நேரம் திறந்திருக்கட்டும், அதில் ஒரு ஞாயிறு கட்டாயம் வர வேண்டும். விருப்பங்களுக்கு எண்ணும் செயலும் மட்டும்: "1. பழைய மேப் அழியும், புது மேப் வரும்." கீழே மலையாளத்தில் அதே வரி. வேணும், வேண்டாம் எங்கும் வேண்டாம். ஓட்டுப் போட்டவுடன் ஆறு எழுத்து ரசீது எண் ஒன்று கொடுங்கள். முடிந்ததும் ரசீது எண்ணையும் அதற்குரிய விருப்பத்தையும் மட்டும் ஷீட்டாகப் போடுங்கள். அவரவர் எண்ணை அவரவர் தேடிப் பார்த்துக்கொள்வார்கள், யார் எதற்குப் போட்டார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. ஓட்டு நடக்கும்போது இடைக்கால எண்ணிக்கையைக் காட்டாதீர்கள்.

புது மேப்தான் மறுபடி ஜெயிக்கிறது என்றால், பழையதை ஒரேயடியாக அழிக்காதீர்கள். மேப் ஜிப்பை 30 நாளாவது டவுன்லோடுக்கு வையுங்கள்; வீட்டில் தனியாகத் திறந்து ஆடலாம். சில கட்டடங்களைப் புது மேப்புக்குக் கொண்டுபோகவும் முடியும். மேப் ரீஜன் ஃபைல்களாகத்தான் சேமிக்கப்படுகிறது, ஒரு ரீஜன் ஃபைல் 512-க்கு 512 பிளாக் நிலம். யார் யார் வீடு எந்த ஃபைலில் விழுகிறது என்று கோஆர்டினேட் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டு ஃபைலின் எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இரண்டு ஃபைலையும் சேர்த்தே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு நடுவில் வெட்டுப்பட்டு வரும்.