ஆல்பர்ட் ஜாக்காவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்வீரர்களைப் பற்றி எழுதத் தொடங்கியவர்கள் அவ்வப்போது தங்கள் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருவார்கள். போன மாதம் மட்டும், முதல் உலகப் போரில் போரிட்ட ஆஸ்திரேலிய வீரர் ஆல்பர்ட் ஜாக்கா பற்றி மூன்று வந்தன. மூன்றிலும், பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. எழுத்துப்பிழைகளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

"விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் ஆஸ்திரேலியர்"

இல்லை. விக்டோரியா கிராஸ் என்பது பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீரப்பதக்கம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், 1900இல் செய்த செயலுக்காக டாக்டர் நெவில் ஹவ்ஸ் முந்திக்கொண்டார். முதல் உலகப் போரில் பெற்ற ஆஸ்திரேலியர்களில்தான் ஜாக்கா முதலாமவர்.

பதக்கத்தை வைத்து வீரத்தை அளப்பது

1915 மே 19, துருக்கியின் கலிப்பொலி. துருக்கியர் ஆஸ்திரேலியர்களின் அகழியில் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டார்கள். தோழர்கள் ஒரு பக்கம் குண்டு வீசிப் போக்குக்காட்ட, ஜாக்கா மறுபக்கம் சுற்றிப்போய் உள்ளே குதித்தார். ஐந்து பேரைச் சுட்டார், இரண்டு பேரைப் பயனெட்டால் குத்தினார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இதை என் பழைய புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதினேன். அடுத்த வரி: "மறு வருடம் மிலிட்டரி கிராஸும் பெற்றார்."

அந்த 'உம்' இன்றைக்கும் உறுத்துகிறது. 1916 ஆகஸ்ட் 7 அன்று பிரான்சில் பொசியேரில், அவர் இருந்த நிலவறைக்குள் ஜெர்மானியர் குண்டை உருட்டிவிட்டார்கள். தப்பி மேலே வந்தால், ஆஸ்திரேலிய வீரர்கள் கைதிகளாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கையில் இருந்த ஏழெட்டுப் பேரோடு பாய்ந்து, கைதிகளை மீட்டு, அகழியையும் மீட்டார். உடம்பில் ஏழு காயம். ஆஸ்திரேலியப் படையின் தனிமனிதத் துணிச்சல்களில் இதற்கு இணையில்லை என்ற பொருளில் எழுதியவர், அந்தப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன். கிடைத்ததோ விக்டோரியா கிராஸைவிடக் குறைந்த மிலிட்டரி கிராஸ்.

பதக்கம் செயலைப் பார்த்து மட்டும் வருவதில்லை. யார் பார்த்தார், யார் பரிந்துரைத்தார் என்பதும் சேர்ந்துதான். ஜாக்காவோ மேலதிகாரியிடமும் முகத்துக்கு நேரே பேசுகிற ஆள். 1917 ஏப்ரலில் பிரான்சின் புல்லக்கூரில் இரவில் போய் வேவு பார்த்து, இரண்டு ஜெர்மானியரைப் பிடித்து வந்ததற்கு மிலிட்டரி கிராஸுக்கு மேல் 'பார்' (அதே பதக்கம் இரண்டாம் முறை என்பதற்கான பட்டை) கிடைத்தது. தாக்குதல் வேண்டாம் என்று அவர் எச்சரித்தது எடுபடவில்லை. 3,000 பேர் போன ஆஸ்திரேலிய 4ஆம் படைப்பிரிவில், இறந்தவர், காயமடைந்தவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து 2,339 பேர் இழப்பு. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதினால் இந்த எச்சரிக்கை எங்கே வரும்?

என் கைக்காசில் 500 பிரதி அச்சடித்திருந்தேன். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் படித்துவிட்டு, "தம்பி, பொசியேர் எங்கே?" என்று மட்டும் கேட்டார். மிச்சமிருந்த 430ஐப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார்.

தேதி

செயல் நடந்த நாள் வேறு, பதக்க அறிவிப்பு அரசிதழில் வந்த நாள் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

1919இல் ஊர் திரும்பியதோடு நிறுத்துவது

மெல்போர்னில் உள்ள செயின்ட் கில்டாவின் மேயராக இருந்ததை எழுதுங்கள். 1932இல், 39 வயதில் இறந்தபோது அவர் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருமே விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள்.