வரவேற்புக்கு ஒரு கூம்பு கேக்: பருப்புத் தேங்காய் வடிவில் கிரீம் பஃப் கோபுரம்

மூன்றடுக்கு ஃபாண்டன்ட் கேக் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதா? பிரெஞ்சுக்காரர்கள் கல்யாணத்தில் கேக்குக்குப் பதிலாக வைக்கும் க்ரோக்கம்பூஷைச் செய்து பாருங்கள். சின்னச் சின்னக் கிரீம் பஃப்களைச் சர்க்கரைப் பாகில் தோய்த்து, கூம்பாக அடுக்கி நிறுத்துவதுதான் அது. பெயருக்கு ‘வாயில் மொறுமொறுப்பது’ என்று பொருள். பருப்புத் தேங்காய் பிடித்துப் பழகிய வீட்டுக்காரர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். அதே கூம்பு, அதே பாகு, பதம் தப்பினால் அதே தலைவலி.

புதுச்சேரியிலோ கடலூரிலோ செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடற்காற்றில் எப்போதும் ஈரம். காய்ச்சிய சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு முதலில் பிசுபிசுக்கும், பிறகு வழியும். பஃபுக்குள் கிரீம் வைத்தால் அது உள்ளிருந்தும் பஃபின் மொறுமொறுப்பான மேலோட்டை ஊறவைக்கும். குளிர்பெட்டியில் வைக்கலாமென்றால் கிரீமுக்கு நல்லது, பாகுக்கு ஆகாது. இதற்கு நேரான தீர்வு: கோபுரத்தை வெறும் ஓடுகளால் கட்டுங்கள், கிரீமைக் குளிரக் குளிரத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். விருந்தினர் ஓட்டைப் பிய்த்துக் கிரீமில் தொட்டுச் சாப்பிடட்டும். தை, மாசியில் ஏசி மண்டபமாக இருந்தால் உள்ளே கிரீம் நிரப்பியும் செய்யலாம். முதல் முறை செய்பவர்கள் எந்த மாதமானாலும் வெறும் ஓட்டோடு தொடங்குவதே நல்லது.

முதலில் கணக்கு

அடிவரிசையில் 12 பஃப், அடுத்ததில் 11, அதற்கு மேல் 10 என்று ஒவ்வொன்றாகக் குறைத்து 3 வரை வந்து, உச்சியில் ஒன்று. மொத்தம் 76. பஃப் ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. அகலம் இருந்தால் கோபுரம் 40 செ.மீ. உயரத்தைத் தாண்டும். ஆளுக்கு இரண்டு மூன்று வீதம் 25 முதல் 30 பேருக்குப் போதும். ஐந்நூறு பேர் வரும் வரவேற்பில் கோபுரம் மேடைக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும்தான். மற்றவர்களுக்கு அதே பஃப்களைத் தட்டுகளில் தனியாக அனுப்புங்கள். எல்லோருக்கும் சேர்த்து உயரமாகக் கட்ட ஆசைப்பட வேண்டாம், 60 செ.மீ. கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியில் போவது புதியவர்களுக்கான வேலை அல்ல.

பஃப் ஓடு

பேக்கரியில் பஃப்ஸ் என்றால் முட்டையோ காய்கறியோ வைத்த மடிப்பு மாவுப் பலகாரம். இது வேறு. மாவை அடுப்பில் வேகவைத்து, முட்டை சேர்த்து, ஓவனில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவைப் பந்துபோல ஊதவைக்கும். பேக்கிங் பவுடர் கிடையாது.

ஒரு ஈடுக்கு வேண்டியவை: தண்ணீர் 125 மி.லி., பால் 125 மி.லி., உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், மைதா 140 கிராம், முட்டை 5, சர்க்கரை ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இதில் சுமார் 50 பஃப் வரும். கோபுரத்துக்கு இரண்டு ஈடு தேவை. இரண்டையும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கிளறாதீர்கள், கை ஓய்ந்துவிடும், மாவும் சீராக வேகாது.

1. தண்ணீர், பால், துண்டாக்கிய வெண்ணெய், உப்பு, சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் சூடாக்குங்கள். வெண்ணெய் முழுக்க உருகிய பிறகே கொதி வர வேண்டும். முன்னாலேயே கொதித்தால் தண்ணீர் ஆவியாகிக் கணக்கு மாறிவிடும்.

2. அடுப்பை அணைத்து, சலித்த மைதாவை ஒரே மூச்சில் கொட்டி, மரக்கரண்டியால் கட்டியில்லாமல் கிளறுங்கள். மறுபடி சிறு தீயில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளறுங்கள். மாவு உருண்டு, பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஏடு படிந்தால் போதும். இந்த ஈரம் போகாவிட்டால் பிறகு முட்டை குறைவாகத்தான் ஏற்கும், பஃப் ஊதாது.

3. மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, விரல் வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிடுங்கள். சுடச்சுட முட்டை ஊற்றினால் அது வெந்து திரிதிரியாகிவிடும்.

4. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். ஐந்தாவது முட்டையை மட்டும் தனியாக அடித்து வைத்து, ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். முட்டை எல்லாம் ஒரே எடை இருக்காது, அதனால் பதம்தான் கணக்கு. கரண்டியைத் தூக்கினால் மாவு உடனே ஒழுகாமல் மெதுவாக இறங்கி, கரண்டி நுனியில் முக்கோணமாகத் தொங்க வேண்டும். தோசை மாவுபோல ஒழுகினால் முட்டை கூடிவிட்டது. பஃப் அப்பளமாகத் தட்டையாகும். அதைச் சரிசெய்ய மைதா தூவாதீர்கள். முட்டை விடாத மாவு இன்னொரு சிறு ஈடு செய்து அதில் இதைக் கலக்கலாம்.

5. ஒரு செ.மீ. வாயுள்ள நாசிலோடு பைப்பிங் பேக்கில் நிரப்பி, பட்டர் பேப்பரில் 3.5 செ.மீ. வட்டமாகப் பிழியுங்கள். இடையில் மூன்று விரல் இடைவெளி வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை ஈர விரலால் அழுத்துங்கள், இல்லையென்றால் அந்த மூக்குதான் முதலில் கருகும்.

6. ஓடிஜி ஓவனில் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 200 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. ஓடு இறுகுவதற்குள் ஆவி போனால் பஃப் அமுங்கிவிடும், மறுபடி எழாது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே பொன்னிறமாக இருக்கும்போது பக்கவாட்டுப் பிளவுகள் இன்னும் வெளுப்பாக இருந்தால் அது வேகவில்லை. பிளவுக்குள்ளும் பழுப்பு ஏற வேண்டும். கையில் எடுத்தால் எடையே தெரியக் கூடாது. எடுத்ததும் அடியில் கத்தி நுனியால் சிறு துளை போட்டு, அணைத்த ஓவனில் கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து மேலும் 10 நிமிடம் உலரவிடுங்கள். நம் ஊர் காற்றில் இந்த 10 நிமிடத்தைச் சேமித்தால் மாலைக்குள் எல்லாம் நமத்துப்போகும்.

முழுக்க ஆறியதும் முறுக்கு டின்னில் போட்டு இறுக்கி மூடலாம். மறுநாள் நமத்திருந்தால் 150 டிகிரியில் 8 நிமிடம் வைத்து எடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும்.

முந்திரிக் கிரீம்

பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கும்போது பாதாம் தேடிப் போக வேண்டியதில்லை. 100 கிராம் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து, ஆறவைத்து, எண்ணெய் பிரிந்து வழுவழுப்பாகும்வரை மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறும். பால் 500 மி.லி., முட்டை மஞ்சள் கரு 5, சர்க்கரை 100 கிராம், சோள மாவு 45 கிராம், வெண்ணெய் 50 கிராம்.

மஞ்சள் கரு, சர்க்கரை, சோள மாவை அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, மறுபடி அடுப்பில் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கத் தோன்றும், இறக்காதீர்கள். குமிழி வெடிக்க ஆரம்பித்த பிறகும் ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச் சத்தைக் கரைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அது கொதியில் அழியாவிட்டால், ராத்திரி கெட்டியாக இருந்த கிரீம் காலையில் மோர்போல இருக்கும். இறக்கி வெண்ணெயும் முந்திரி விழுதும் கலந்து, பிளாஸ்டிக் தாளைக் கிரீமின் மேல் ஒட்டினாற்போல் மூடி, உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. வைகாசி வெயிலில் புல்வெளி விருந்து என்றால் ஒரு மணி நேரம். அதனால் கிண்ணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள்.

அடித்தட்டும் கூம்பும்

பிரெஞ்சுக்காரர்கள் கோபுரத்தைப் பாதாம் சிக்கிமீது நிறுத்துவார்கள். நமக்கு முந்திரி. 300 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் தேன் நிறத்துக்கு உருக்கி, 150 கிராம் பொடித்த, சூடான முந்திரியைக் கலந்து, எண்ணெய் தடவிய இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே கட்டையால் தேய்த்து, சூட்டிலேயே 26 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள். முந்திரி ஆறியிருந்தால் பாகு உடனே இறுகிவிடும். இறுகினால் ஓவனில் 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் மறுபடி வளையும். ஆறியதும் அடிப்பக்கம் உருக்கிய சாக்லேட்டை மெல்லப் பூசினால் தட்டிலிருந்து ஈரம் ஏறாது.

உள்கூம்பைச் சார்ட் அட்டையில் சுற்றுங்கள். அடி அகலம் 12.5 செ.மீ., உயரம் 36 செ.மீ. மேலே பட்டர் பேப்பர் சுற்றி ஒட்டி, உள்ளேயே விட்டுவிடுங்கள், அதுதான் கோபுரத்துக்கு முதுகெலும்பு. வீட்டில் பருப்புத் தேங்காய்க் கூடு (கூம்பு அச்சு) இருந்தால், அதன்மேல் பட்டர் பேப்பர் சுற்றி ஒரு சின்னக் கோபுரம் கட்டிப் பழகலாம்.

பாகும் அடுக்குதலும்

சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 75 மி.லி., லிக்விட் குளுக்கோஸ் 50 கிராம். இது ஒரு தடவைக்கு. இதே அளவில் இரண்டு தடவை தனித்தனியாகக் காய்ச்சுங்கள். மொத்தமாகக் காய்ச்சினால் பாதி அடுக்குவதற்குள் இறுகிவிடும். சர்க்கரை கரைந்த பின் கரண்டி போடக் கூடாது. பக்கத்தில் தெறித்த சர்க்கரையை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், ஒரு துகள் விழுந்தாலும் முழுப் பாகும் மணல்மணலாகப் பூத்துவிடும். பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழியும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே வேண்டாம். புளிப்பு சர்க்கரையை உடைக்கும். உடைந்ததில் வரும் பழச்சர்க்கரை ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும்.

165 டிகிரி, அல்லது தேன் நிறம் வந்ததும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நொடி வைத்து எடுங்கள். பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம். இந்தப் பாகு கொதிக்கும் எண்ணெயைவிட மோசம். தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பட்டால் கையை உடனே அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள், பாகு இறுகிச் சூடு நிற்கும். பிறகு குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் பூச வேண்டாம். குழந்தைகளை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

முதலில் எல்லாப் பஃபின் தலையையும் பாகில் தொட்டு, தலைகீழாகப் பட்டர் பேப்பரில் வையுங்கள். ஆறியதும் தலை கண்ணாடிபோல மின்னும். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்தையும் அடியையும் பாகில் தொட்டு, பளபளப்பு வெளியே தெரிய, கூம்பைச் சுற்றி ஒட்டுங்கள். பெரியவை கீழே, சின்னவை மேலே. மேல்வரிசை பஃப், கீழ்வரிசையின் இரண்டு பஃப்களுக்கு நடுவே உட்கார வேண்டும், செங்கல் கட்டுவது மாதிரி. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசையில் அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிய பஃப் வைத்தால் நிமிர்ந்துவிடும். பாகு தடித்தால் சிறு தீயில் இளக்கலாம், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், கருகிக் கசக்கும்.

ஏழு மணி வரவேற்புக்கு ஐந்து மணிக்கு அடுக்கத் தொடங்குங்கள். மண்டபத்திலேயே, ஏசி அறையில் அடுக்குவதுதான் உத்தமம். ஆனால் அறையை உறையவைக்காதீர்கள்: குளிர்ந்த கோபுரத்தை வெளியே கொண்டுவந்தால், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கலர் பாட்டில்போல மேலெல்லாம் வியர்க்கும். கடற்கரை ஓரம், தேவனாம்பட்டினம் பக்கம் திறந்தவெளி என்றாலோ, ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் என்றாலோ பாகுக்குப் பதில் ஐசோமால்ட் (சர்க்கரையிலிருந்து செய்யும் ஒரு மாற்று இனிப்பு) வாங்குங்கள். விலை கூடுதல்தான், ருசியும் குறைவு, ஆனால் ஈரம் குறைவாக இழுக்கும். சுற்றிலும் சர்க்கரை நூல் இழுப்பதை மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள். அரை மணிகூட நிற்காது.

முட்டை சேர்க்காத வீடு என்றால்

முட்டையில்லாத பஃப் ஓடு உள்ளே பொள்ளலாக வருவதே கடினம். போலி செய்வதைவிட மனோகரம் மேல். தேங்குழலை உடைத்து, இரண்டு கப்புக்கு ஒரு கப் வெல்லம் வீதம் பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டு உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்கும் பதத்தில் கலந்து, நெய் தடவிய கூட்டில் சூட்டோடு அடைத்துத் தட்டி எடுங்கள். வரவேற்பு மேசையில் பஃப் கோபுரம் ஒன்று, மனோகரக் கூம்பு ஒன்று என்று தனித்தனித் தட்டில் ஜோடியாக வைத்தால் பார்க்கவும் அழகு, யாரும் ஒதுங்கவும் வேண்டியதில்லை.

பரிமாறும்போது கத்தி போடாதீர்கள், ஓடு நொறுங்கும். உச்சியிலிருந்து தொடங்கி, இரண்டு பஃப்கள் சேரும் இடத்தில் சுத்தமான கத்தரியின் முனையை நுழைத்துத் திருகினால் பாகு ‘டக்’கென்று விட்டுவிடும். எல்லாம் முடிந்த பின் அடித்தட்டு முந்திரிச் சிக்கியை உடைத்துக் கொடுத்துவிடலாம். பாகு ஒட்டிய பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் தானே கரையும்.