இத்தாலியனில் ‘என்று’ போடுவது எப்படி?

நிகழ்கால வினைகள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதல் வேலை, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது. ‘ஆன்னா கிளம்புகிறாள் என்று எனக்குத் தெரியும்.’ நமக்குத் ‘தெரியும்’ கடைசியில் வருகிறது, இத்தாலியனில் அது முன்னால் வந்துவிடும்: ஸோ கே ஆன்னா பார்தே. அந்தக் ‘கே’தான் நம் ‘என்று’.

அடுத்து ‘ஸோ’வை எடுத்துவிட்டு ‘பென்ஸோ’ (நினைக்கிறேன்) போடுங்கள்: பென்ஸோ கே ஆன்னா பார்தா. ‘தே’ போய் ‘தா’ வந்துவிட்டது. நினைப்பு, ஆசை, பயம், சந்தேகம் எதுவானாலும் ‘கே’க்குப் பின்னால் இந்த வடிவம்தான், பெயர் கொன்ஜுந்தீவோ. தமிழில் ‘கிளம்புகிறாள்’ இரண்டு இடத்திலும் அப்படியே நிற்பதால் நம் காதுக்கு இது லேசில் பிடிபடாது. பேச்சில் இத்தாலியர்களே ‘பார்தே’ என்று விட்டுவிடுவதுண்டு, எழுத்தில் நீங்கள் விடாதீர்கள்.

சரி, நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு முழித்த இடம் இனிமேல்தான். ‘நாளை கிளம்பலாம் என்று நினைக்கிறேன்’ என்பதற்கு, கற்றதையெல்லாம் கொட்டி, ‘பென்ஸோ கே இயோ பார்தா தொமானி’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். ‘கே’ இருக்கிறது, ‘தா’ இருக்கிறது, ஆனாலும் ஆசிரியை மொத்தத்தையும் சிவப்பு மையால் அடித்திருந்தார். விஷயம் இதுதான்: நினைப்பதும் நான், கிளம்புவதும் நான். இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால் ‘கே’ வேண்டாம், ‘தி’ போட்டு அகராதியில் இருக்கும் வடிவத்தை அப்படியே வைத்தால் போதும்: பென்ஸோ தி பார்தீரே தொமானி. ஆக, ‘கே’ எழுதப் பேனாவை எடுக்கும் முன்பே ‘ஆள் ஒன்றா, இரண்டா’ என்று பார்த்துவிடுங்கள். ‘வொல்யோ’ (எனக்கு வேண்டும்) போன்ற சில வினைகளுக்கு அந்தத் ‘தி’யும் தேவையில்லை: வொல்யோ பார்தீரே. கிளம்ப வேண்டியது ஆன்னா என்றால் பழையபடி வொல்யோ கே ஆன்னா பார்தா.

பயிற்சிக்குச் சொற்களை இழுத்து அடுக்கும் செயலிகள் எனக்கு உதவவில்லை, விகுதியை அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறது. கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் ‘ஸோ கே’, வலப்பக்கம் ‘பென்ஸோ கே’ என்று கையால் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் ரெவர்ஸோ தளத்தில் வினை வடிவத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ‘எல்லா வினைக்கும் ஆ போட்டேன், தப்பாகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். என் தவறுதான், சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘ஆரே’ என்று முடியும் வினைகளில் தலைகீழ்: ஸோ கே ஆன்னா பார்லா (பேசுகிறாள்), பென்ஸோ கே ஆன்னா பார்லி. அவசரத்துக்கு ‘ஸெகோந்தோ மெ’ (என் கருத்துப்படி) என்று தொடங்கித் தப்பித்துக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் சாதாரண ‘பார்லா’வே போதும். நான் இன்றும் தொலைபேசியில் அப்படித்தான் செய்கிறேன்.