ஸ்காட்லாந்து கால்பந்து லீக் கோப்பையில், பிரிவுச் சுற்றின் புள்ளிப் பட்டியலைப் படிப்பது எப்படி?

இரண்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை, ஆனால் 4 புள்ளி! முதன்முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

90 நிமிடத்தில் வென்றால் 3. சமன் ஆனால் ஆளுக்கு 1. உடனே பெனால்டி ஷூட்-அவுட் (இரு அணியும் மாறிமாறிக் கோலை நோக்கி உதைப்பது), அதில் ஜெயித்தவருக்குக் கூடுதலாக 1. ஆக, எப்படி முடிந்தாலும் ஆட்டத்துக்கு மொத்தம் 3 புள்ளிதான். ஐந்து அணிகள் உள்ள பிரிவில் 10 ஆட்டம், 30 புள்ளி. என் நோட்டில் கூட்டிப் பார்த்து 30 வராவிட்டால், எங்கோ ஒரு பெனால்டியை விட்டிருப்பேன்.

இந்த ஷூட்-அவுட் கோல்களைக் கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தது) சேர்க்காதீர்கள். நான் சேர்த்து, ஓர் அணியைத் தப்பாக முதலிடத்தில் ஏற்றியிருக்கிறேன்.

பிறகு, எட்டுப் பிரிவுகளின் இரண்டாமிடங்களைத் தனித்தாளில் வரிசைப்படுத்துங்கள். முதலிடம் பிடித்த எட்டு அணிகளோடு இவர்களில் மேலே உள்ள மூவரும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.